பாட்டு நிற்கவில்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் வானொலி ஓயாமல் பாடும். பாடும் என்று சொல்வதே தாராளம். நேற்று என் தலையில் மிச்சமிருப்பதை வெட்டி முடிப்பதற்குள் இரண்டு பாட்டும் பதினேழு விளம்பரமும் வந்தன. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். எண்ணாமல் இருக்க வராது.

"தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றேன்.

"ஏன் அங்கிள்? ஜாலியாத்தானே போவுது. அதுவும் ஓசியில வருது!" என்றார் தஞ்சாவூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருக்கும் அந்த இளைஞர்.

ஓசியாம். காற்று ஊருக்குப் பொது. அதில் கடை போட ஒரு முதலாளிக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள். ஓசியில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கத்தி காதோரம் இருக்கும்போது விளக்க முடியுமா? உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கடை மூலையில் ஈரத்துண்டுகளின் வாடை. அந்த வாடை வந்தாலே எனக்கு நான் வளர்ந்த கிள்ளான்தான். ஆற்றை ஒட்டிப் பொதுப்பணி ஊழியர்களின் வரிசை வீடுகள். அப்பா சாலை போடுகிறவர்களை வேலை வாங்கும் மண்டோர். எங்கள் வானொலிப் பெட்டி சூடேற நேரமெடுக்கும். உள்ளே தூசி வறுபடும் மணம் முதலில் வரும், குரல் பிறகு வரும். செய்தி வாசிக்கும் பெண்ணின் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தெருவுக்கே அவர் ரேடியோ அக்கா.

ஒரு மழைக்காலத்துப் பிற்பகலில் பாட்டு சரணத்தில் ஏறும்போது பட்டென்று நின்றது. ஆறு கரை தாண்டுகிறது, இன்ன தெருக்காரர்கள் இன்ன பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று அக்கா நிதானமாகச் சொன்னார். எங்கள் தெருவும் அதில் இருந்தது.

"பாட்டு நின்னுடுச்சி! எந்திரிங்க, எந்திரிங்க!" என்றார் அப்பா.

அம்மா அரிசி மூட்டையைத் தூக்கினாள். நான் தங்கை சரசுவைத் தூக்கினேன்; இரண்டில் சரசுதான் கனம். எங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்பா பாலத்து வேலைக்கு ஓடினார். சாயங்காலம் அங்கிருந்த வானொலியில், அக்கரையில் பத்திரமாக இருக்கும் தொழிலாளர்களின் பெயர்களை அக்கா வாசித்தார். அப்பா பெயரும் வந்தது. "இன்னொரு தடவ சொல்லமாட்டாங்களா?" என்றாள் அம்மா. சொன்னார். குறுக்கே வந்து நிற்க அப்போது சோபா விளம்பரம் இல்லை.

அதிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம். மழை எப்படி வேண்டுமானாலும் கொட்டட்டும். பாட்டு ஓடினால் பயமில்லை, நின்றால் கிளம்பு.

சரசு இன்றும் கிள்ளானில்தான், ஒற்றைமாடி வீட்டில், தனியாக. அரசாங்க வானொலி இன்றும் இருக்கிறது. ஆனால் அவள் பெட்டியின் முள் அங்கே போவதில்லை. தனியார் நிலையத்துச் சிரிப்புச் சத்தம் துணையாக இருக்கிறதாம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

போன மழையில் ஷா ஆலம் பக்கம் வேலை பார்க்கும் என் மகன் கைப்பேசியில் படம் அனுப்பினான். அவள் வீட்டுக்குப் போகும் சாலையில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன. சரசு போனை எடுக்கவில்லை. அவள் கேட்கும் நிலையத்தையே கூப்பிட்டேன். பலமுறை அடித்தபின் ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ அங்கிள்! போட்டிக்குத்தானே? மூணாவது பாட்டு என்னன்னு சொல்லுங்க லா!"

"அம்மா, கிள்ளான்ல தண்ணி ஏறுது. பாட்ட நிறுத்திட்டு அதச் சொல்லுங்கம்மா."

"ஓகே அங்கிள், நியூஸ்ல பாத்துக்குவாங்க. லைன விடுங்க, ஆளுங்க வெயிட்டிங்."

அடுத்து வந்தது சோபா விளம்பரம். மாதத் தவணையில் சோபா! கிள்ளானில் சோபாக்கள் வாசல் வழியாகத் தாமாகவே போய்க்கொண்டிருந்த நேரம். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பாட்டை நிறுத்தும் அதிகாரம் அவளிடம் இல்லை. முன்கூட்டியே விற்றுவிட்ட நிமிடத்தை யார் நிறுத்துவார்கள்? வெள்ளத்தைச் சொல்ல யாரும் காசு கட்டியிருக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற சரசுவை எதிர் வீட்டு மலாய்க்கார அம்மாவின் மகன் முதுகில் சுமந்து தங்கள் மாடிக்குக் கொண்டுபோனான். மறுநாள்தான் அவளைப் பார்க்க முடிந்தது.

"ஏன்டி, தண்ணி வாசலுக்கு வந்தப்பவே கிளம்பவேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாட்டு நிக்கலியேண்ணே."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவளுக்கு அந்தச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அன்று பாட்டு ஓடுகிறது என்றால், நமக்காக ஒருவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது சரசுவின் வீட்டில் புதுப்பெட்டி, அதே நிலையம். நேற்று முடிவெட்டிக்கொண்டு வீடு திரும்பினேன், மழை பிடித்தது. உடனே அவளிடமிருந்து போன். பின்னால் வானொலியில் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

"அண்ணே, இவங்க சிரிச்சிக்கிட்டேதான் இருக்காங்க. நான் எதுத்த வீட்டு மாடிக்குப் போயிடவா?"