அலமாரியில் இருந்த அலுவலகப் பிரதி

"அல்பம் கையளிக்கப்படும் அன்றே, மணமகள் வீட்டுப் பெண் ஒருவரின் முன்னிலையில், படங்கள் யாவும் கணினியிலிருந்து அழிக்கப்படும். ஸ்டூடியோவில் எந்தப் பிரதியும் வைத்திருக்கப்பட மாட்டாது."

எங்கள் ஸ்டூடியோவின் விதிகளில் இது நான்காவது. எழுதியவன் நான். லெமினேட் செய்து, உள்ளே வருகிறவர்களின் கண்ணில் முதலில் படும்படி மாட்டியவனும் நான். முப்பத்தொரு வருடம் பிரதேச செயலகங்களில் இருந்து, நிருவாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவனுக்கு விதி எழுதுவது வெற்றிலை மடிப்பது மாதிரி. கை தானாகச் செய்துவிடும்.

அல்லாஹ்வின் சாந்தி உங்கள் எல்லோர் மீதும் உண்டாகட்டும். அல்லாஹ் தங்களுக்குச் செய்த உதவியைச் சொல்ல வருகிறவர்கள் நோயையோ கடலையோ பற்றிச் சொல்வார்கள். என் சோதனை ஓர் அலமாரிக்குள் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

ஸ்டூடியோ என் மகள் பர்ஹானாவுடையது. கணவன் விட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளோடு நின்றவள், என் ஓய்வூதியத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றாள். கெமரா பிடிக்கப் பழகி, சாய்ந்தமருதில் ஒரு சிறிய அறையில் தொடங்கினாள். அடையாள அட்டைப் படம், பாடசாலை வகுப்புப் படம். அதில் கடை ஓடும், வளராது.

வளர்த்தது கலியாணத்தின் பெண்கள் பக்கம். எங்கள் ஊர்களில் மணமகளை அலங்கரித்து வைத்திருக்கும் மண்டபத்துக்குள் ஆண் படப்பிடிப்பாளர் போக முடியாது. பல பெண்களுக்குத் தங்கள் கலியாண நாளில் ஒரு நல்ல படம்கூட இல்லை. பர்ஹானா கெமராவோடு உள்ளே போனாள். நாலு வருடத்தில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்களைப் பழக்கிச் சேர்த்துக்கொண்டாள். அவளைவிட அழகாக எடுக்கிறவர்கள் இருக்கலாம். தாய்மார் அவளைத் தேடி வந்தது அந்த நாலாம் விதிக்காக.

நான் முன் மேசையில் இருந்து பற்றுச்சீட்டு எழுதுவேன். கணினி உள்ளறையில், திரைக்குப் பின்னால். பெண்களின் படங்களை நான் பார்த்ததில்லை. இதைத் திரும்பச் சொல்ல வேண்டி வரும்.

கடந்த வருடம் ஜூலை 14, திங்கட்கிழமை காலை. சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் வீட்டு றகுமா ஹாஜியானி தொலைபேசியில் வந்தார். அவருடைய மூத்த மகளின் கலியாணத்தை பர்ஹானா எடுத்து, அல்பத்தையும் கொடுத்து முடித்திருந்தாள்.

"பர்ஹானா, என்ட புள்ளைட படம் வட்ஸ்அப்ல திரியிது. தலையில துணி இல்லாம. மாப்பிள்ளைட தம்பிமார்ட போனுக்கும் போயிட்டு."

"அல்லாஹ்வுக்காக, ஹாஜியானி, எங்களுக்கிட்ட ஒரு படமும் இல்ல. உங்கட தங்கச்சிக்கு முன்னுக்கு வெச்சித்தானே எல்லாத்தையும் அழிச்ச."

"அப்ப படத்துக்குக் கால் முளைச்சா போன?"

தொலைபேசி வைக்கப்பட்டது.

அந்த வாரத்துக்குள் வரவிருந்த கலியாணங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. யாரும் சண்டை பிடிக்கவில்லை. கலியாணத்தைச் சுருக்கமாகச் செய்கிறோம் என்றார் ஒருவர். மச்சான் கொழும்பிலிருந்து ஆள் கொண்டு வருகிறார் என்றார் இன்னொருவர். நாங்கள் அலுவலகங்களில் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவோமே, அந்த வகை மரியாதை. பழக்கிய இரண்டு பெண்களையும் பர்ஹானா வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டாள். கெமராவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

தொலைபேசி வந்த அன்றே, பகல் சாப்பாட்டில் கையை வைத்தபடியே சொல்லியிருந்தாள்:

"மருதோண்டி போடக்குள்ள ஆரோ எனக்குப் பின்னுக்கு நிண்டு போனத் தூக்கிப் புடிச்ச, வாப்பா. முன்னுக்கிருந்த பெரிய கண்ணாடியில தெரிஞ்ச. ஆரெண்டு நான் கவனிக்கல்ல. ஆனா அந்தக் கண்ணாடி என்ட படங்கள்லயும் விழுந்திருக்கும். ஒரேயொரு படம் இருந்திருந்தா, ஆரெண்டு காட்டியிருப்பன்."

நான் கை கழுவ எழுந்தேன். அந்தப் படம் இருந்தது.

கணினி வாங்கிய அன்றே, அதற்குள் வருவதெல்லாம் தானாக இன்னொரு டிஸ்க்கிலும் பதியும்படி கடைக்காரரிடம் சொல்லிச் செய்வித்திருந்தேன். கணினியில் அழித்தாலும் டிஸ்க்கில் அழியாது. ஒவ்வொரு வியாழனும் அதைக் கழற்றி என் அலமாரியில் பூட்டி, சனிக்கிழமை திரும்ப மாட்டுவேன். ஹாஜியானியின் தொலைபேசி வந்த அன்று, திங்கட்கிழமையிலேயே கழற்றிப் பூட்டியவன், பிறகு மாட்டவில்லை. என்ன டிஸ்க் என்று மகள் ஒரு முறை கேட்டாள். கணக்கு வழக்கு என்றேன். நான் திறந்து பார்த்ததில்லை, அல்லாஹ் அறிவான். அலுவலகப் பிரதி இல்லாமல் ஒரு தாளும் மேசையை விட்டுப் போகக் கூடாது என்று பழகிய கை. சுனாமிக்குப் பிறகு, தாள் எல்லாம் கடலோடு போன மனிதர்களுக்கு அவர்கள் யாரென்று எழுதிக் கொடுத்தே எனக்கு நாட்கள் போயின. அன்றிலிருந்து எதையும் ஒரே இடத்தில் வைக்க எனக்கு மனம் வராது. நாலாம் விதியை எழுதிய அதே வாரத்தில்தான் இந்த ஏற்பாட்டையும் செய்தேன். இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. விதி மற்றவர்களுக்கு, பிரதி கோவைக்கு, அதாவது பைலுக்கு.

மகளைக் காப்பாற்றும் சாட்சி என் அலமாரியில். அதை வெளியே எடுத்தால், படத்தைக் கசியவிட்டது நாங்கள் இல்லை என்று ஊர் ஒப்புக்கொள்ளும். பிரதி வைத்திருந்தோம் என்றும் ஊர் அறியும். அதற்குப் பிறகு எந்தத் தாய் தன் மகளை அவள் கெமராவுக்கு முன்னால் உட்கார வைப்பாள்?

வாயை மூடிக்கொண்டு தொழப் போனேன். நண்பகல் லுஹருக்குப் பிறகு நாள்தோறும், தேவையைக் கேட்கும் ஹாஜத் தொழுகை இரண்டு றக்அத். என் துஆவும் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தின் வடிவில் இருந்தது: பொருள், பின்னணி, கோரும் நிவாரணம். யா அல்லாஹ், என் மகள் நிரபராதி, அவள் பெயரைத் துடைத்துக் கொடு. ஒன்பது நாள் இதே கடிதம். பதில் இல்லை.

பத்தாம் நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தபோது, நான் கையாண்ட படிவங்களின் அடியில் இருந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. முக்கிய விடயத்தை மறைத்துச் செய்யப்படும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த வரியைக் காட்டி எத்தனை பேரைச் சிவப்பு மையால் திருப்பி அனுப்பியிருப்பேன்! அலமாரியில் என்ன இருக்கிறது என்று அறிந்தவனிடமே, அலமாரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ஒன்பது நாள் வாதாடியிருக்கிறேன். நம்பி ஒப்படைத்த அமானிதத்தை மீறியவன் நான். நிவாரணம் கேட்பவனும் நான்.

அழுதேன். அறுபத்தாறு வயதில் பள்ளியில் அழுவது சங்கடமான வேலை. பக்கத்திலிருந்தவர் என் கால் வலி பற்றி விசாரித்தார். பிறகு துஆவை மாற்றிக் கேட்டேன். "யா அல்லாஹ், பிழை என்னுடையது. சொல்லத் தைரியம் கொடு. மகளின் பெயரைக் காப்பாற்று. என் பெயரை விட்டுவிடு."

வீட்டுக்கு வந்து டிஸ்க்கை மகளின் முன்னால் வைத்தேன். சொல்லி முடித்ததும் அவள் டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நாலு வருஷமா நான் பொய் சொல்லிக்கிட்டு இரிந்திரிக்கன். எனக்கே தெரியாம."

என் மனைவி ஜெஸீமா அவ்வளவு சுருக்கமாக விடவில்லை.

"ஊர் ஆக்கள்ட பைலெல்லாம் பூட்டி வெச்ச மனிசன், கடைசியில பெத்த புள்ளைட வாழ்க்கையையும் பூட்டி வெச்சிட்டீங்களே!"

"திறந்து பாரு மகள்," என்றேன். "கண்ணாடிப் படத்த எடு."

"நான் திறக்க மாட்டன் வாப்பா. திறந்தா நானும் களவெடுத்த மாதிரி. அவங்கட படம், அவங்களே பாக்கட்டும்."

மணமகளின் பெயரில் ஒவ்வொரு கலியாணமும் தனித்தனிக் கோப்பாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் திறக்காமலே அழித்தாள். ஒன்று மட்டும் மிஞ்சியது. நான் கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களில் ஆகச் சிறியது அது. "இது என் பிழை. என் மகள் அறியாதது. இதில் உங்கள் வீட்டுப் படங்கள் மட்டும் உள்ளன, நாங்கள் திறக்கவில்லை. மருதோண்டிப் படங்களில் கண்ணாடியைப் பாருங்கள். பார்த்த பின் டிஸ்க்கை உடைத்துவிடுங்கள்."

ஜூலை 24 காலை, ஜெஸீமாவும் பர்ஹானாவும் ஓட்டோவில் சம்மாந்துறைக்குப் போனார்கள். ஹாஜியானி கேற்றடியில் வாங்கிக்கொண்டார். கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அழித்த கோப்புகளுக்கு உரிய வீடுகளுக்கும் உண்மையை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் கந்தோரில் இருந்த பையன், தேர்தலில் நிற்கிறீர்களா சேர் என்று கேட்டான். ஒரு தகப்பன் கடைக்கு வந்து ஏசினார். ஏசி முடித்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதை "சாதகமானது" என்று மனதில் பதிந்துகொண்டேன். மற்றவர்கள் மௌனம்.

ஹாஜியானியும் மௌனம். இரண்டு வாரம் போனதும் நினைவூட்டல் எழுதப் பேனாவை எடுத்தேன். அதுதான் நடைமுறை. ஜெஸீமா பேனாவைப் பிடுங்கினாள்.

"அல்லாஹ்ட கையில குடுத்திட்டு, மறுகா என்னத்துக்கு ரிமைண்டர்?"

முப்பத்தொரு வருட சேவையில் எனக்குக் கிடைத்த சுற்றறிக்கைகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் வாசித்ததில்லை. அன்றிலிருந்து கேட்பதை நிறுத்தாமல், அவசரப்படுத்துவதை மட்டும் நிறுத்தினேன். கடை திறந்திருந்தது. அடையாள அட்டைப் படம் எடுக்க வந்தவர்களுக்கு பர்ஹானா சிரித்த முகத்தோடே படம் எடுத்தாள். அவள் சபூரை, அந்தப் பொறுமையை, நான் அப்போதுதான் கண்டேன்.

ஐந்தாவது வாரம், ஆலை லொறி கடை வாசலில் நின்றது. சாரதி ஒரு கடித உறையை என் மேசையில் வைத்து, "ஹாஜியானி தந்த, கையில குடுக்கச் சொன்ன" என்றான். உள்ளே ஒரு பக்கக் கடிதம். பர்ஹானா நின்றுகொண்டே சத்தமாக வாசித்தாள்.

கண்ணாடியில் தெரிந்தது ஹாஜியானியின் சொந்தத் தங்கையின் மகள். கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாளாம். ஒரே ஒரு கூட்டாளிக்குத்தான் அனுப்பினாளாம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஹாஜியானியே நேரில் போய் விளக்கி, அங்கே சமாதானமாகிவிட்டது. தனக்குத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் பர்ஹானா குற்றமற்றவள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். கடைசி வரிகள் இப்படி இருந்தன:

"அந்தப் படத்த ஊருக்குக் காட்டி நீங்க தப்பியிருக்கலாம். காட்டாம எனக்கிட்டத் தந்தீங்க. எனக்கு அது போதும். ரெண்டாவது மகள்ட கலியாணம் வருது, பர்ஹானாதான் எடுக்கணும். வாப்பா முன் மேசையோட நிக்கட்டும். கொம்பியூட்டர்ப் பக்கம் வரவே கூடாது."

பர்ஹானா சிரித்தாள், அழுதாள், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். நான் கதிரையிலிருந்து இறங்கி, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று கடை முன்பைவிடப் பெரியது. ஏறாவூரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். பழக்கிய இரண்டு பெண்களும் திரும்பி வந்தார்கள். மூன்றாவது ஒருத்தியும் சேர்ந்திருக்கிறாள். மருதமுனைக் கைத்தறித் துணியில் சிறிய பைகள் தைத்து, பெண்கள் மண்டபத்து வாசலிலேயே ஒவ்வொருவரின் போனையும் வாங்கிப் போட்டு, பெயர் எழுதி மாட்டி வைக்கிறார்கள். அது பர்ஹானாவின் யோசனை. இப்போது படத்தைவிட அந்தப் பைகளைத்தான் தாய்மார் முதலில் கேட்கிறார்கள். இந்தக் கதை ஊருக்குத் தெரிந்தும் கூப்பிடுகிறார்கள். சிலர் இந்தக் கதைக்காகவே கூப்பிடுகிறார்கள். அலமாரியில் இப்போது என் சட்டைகள் இருக்கின்றன. அது பூட்டப்படுவதில்லை.

உங்களில் யாராவது பதில் வராத துஆவோடு இருந்தால், இந்தக் கிழவன் சொல்வதைக் கேளுங்கள். கேட்பதை விடாதீர்கள். ஆனால் விண்ணப்பத்தை ஒரு தடவை திரும்பப் படித்துப் பாருங்கள். எதையாவது எழுதாமல் விட்டிருக்கிறீர்களா என்று. அவனிடம் உங்கள் முழுக் கோவையும் இருக்கிறது. நீங்களாகச் சொல்வதற்காக அவன் காத்திருக்கலாம். சொல்லிவிட்டு, அவனிடமே விட்டுவிடுங்கள். அவன் தாமதிப்பதும் ஒரு நடைமுறைதான். அது எனக்குத் தெரியாத ஒன்றாக இருந்தது.

ஹாஜியானியின் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் பிரதி எடுக்கவில்லை. பழைய பழக்கத்தில் செய்தது ஒன்றே ஒன்றுதான். வலது மேல் மூலையில், என் கையெழுத்தில்: கிடைத்தது, ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை.