கொடி எழுந்தால்

ராயபுரத்தில் துறைமுக லாரிகள் நிற்கும் தெருவில் ஒரு டீக்கடை. சாயங்காலங்களில் அங்கே டிவியில் கால்பந்து ஓடும். அவரை அங்கேதான் பார்ப்பேன். வெயிலில் கறுத்த முகம், தோளில் ஆரஞ்சு ஜாக்கெட். கப்பலிலிருந்து கண்டெய்னர் இறங்கும்போது கீழே நின்று கிரேன்காரருக்குக் கைகாட்டுவது அவர் வேலை.

கோல் விழுந்து கடையே கத்தினாலும் அவர் அசையமாட்டார். ஓரத்தில் கொடியோடு ஓடும் லைன்ஸ்மேனையே பார்த்துக்கொண்டிருப்பார். கொடி எழுந்தால் மட்டும் அவருடைய வலது கையும் மேசையிலிருந்து லேசாக எழும்.

"பந்த வுட்டுட்டு அவன இன்னாண்ணே பாக்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆஃப்சைடுன்னா இன்னான்னு எனக்கு இன்னும் புரில நைனா. கொடி தூக்குனா அப்பாலதான் சண்ட போடுறானுங்க. மொதல்ல நின்னுடறானுங்க பாரு, அத்த பாக்கத்தான் வர்றேன்."

டீயை ஊதிக் குடித்தார்.

"அன்னிக்கு நானும் கை தூக்குனேன். கண்டெய்னர் எறங்கிகினேதான் இருந்துச்சி. கீழ என் தோஸ்து."

மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

இப்போதெல்லாம் மேட்ச் பார்த்துவிட்டு வந்தால், கோல் போட்டது யார் என்று எனக்கும் தெரிவதில்லை.