காலண்டர் ஒட்டின இட்லி

மகன், மருமகள், பேத்தி, பேத்தியின் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் ஆறு பேர், அதில் ஒருத்தியின் அம்மா, அப்புறம் நான். போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பேத்திக்குப் பிறந்தநாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வழியில் சூடாக உளுந்த வடை வாங்கிக்கொண்டு போனேன். மருமகள் பொட்டலத்தைப் பிரித்தாள். செய்தித்தாள். எண்ணெயில் ஊறி எழுத்து வடையில் ஏறியிருந்தது.

"மாமா, கோவிச்சுக்கிடாதீக. மை ஆகாது. பிள்ளைகளுக்கு வேணாம்."

நான் சிரித்தேன். கோபத்தில் சிரிக்கிறேன் என்று அவள் பயந்துவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. சூடான பலகாரமும் மையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். அதை நான் ஒருநாள் அறுபது பேருக்கு மோந்து பார்க்கக் கொடுத்தவன்.

அப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டுப் போடுகிற வேலை எனக்கு. அடித்து வருகிற காலண்டர் தாளை எண்ணி, தட்டி, கட்டி லோடு ஏற்ற வேண்டும். அங்கே வேஸ்ட் தாளுக்குப் பஞ்சமே இல்லை. மிஷின் ஒழுங்குக்கு வருகிறவரை ஓடுவதெல்லாம் வேஸ்ட். கலர் விலகி, சாமிக்கு ரெண்டு மூக்கு இருக்கும். எங்கள் தெருவே அதை வைத்துத்தான் பிழைத்தது. நோட்டுக்கு அட்டை, மழைக்குக் குடை, மிக்சருக்குப் பொட்டலம். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் ஒரு ஜூன் மாதம் கிடந்தது. அதில் சாப்பிட்டு யாரும் செத்ததாகக் கேள்வி இல்லை. அந்தத் தைரியம்தான்.

எங்கள் அக்கா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். மருந்து நெடி சேராமல் ஒரே இருமல். டாக்டர் வேலையை விடச் சொன்னார். விட்டால் ரெண்டு பிள்ளைக்கும் சோறு? அவள் வீட்டுக்காரர் முதுகு போய் வீட்டோடு கிடந்தார். அவளுக்குத் தெரிந்த இன்னொரு வேலை சமையல். எங்கள் பிரஸ்ஸில் தினமும் மத்தியானம் சாப்பாடு போட ஆள் தேடினார்கள். போர்மேன் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"சீசன் முடிஞ்சதும் பிளவக்கல் டேமுக்கு டூர் போறோம்லா. அன்னைக்கு உங்க அக்கா டிபன் போடட்டும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

முந்நூறு இட்லி அவித்தாள். அண்டாவில் அடுக்குக்கு நடுவே வாழையிலை வைக்க வேண்டும். இலை பத்தவில்லை. "ஓடிப்போய் இலை வாங்கிட்டு வாடா" என்று சொல்லிவிட்டு அக்கா சாம்பார்ப் பக்கம் போனாள். எனக்குச் சோம்பல். முந்தின நாள் கடைசி ஓட்டத்திலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் தாள் மூலையில் இருந்தது. மை காய்ந்ததா என்று பார்க்கத் தோன்றவில்லை. கட்டுப் போடுகிறவனுக்குக் கட்டு மட்டும்தான் தெரியும். ஒரு அடுக்கு இட்லி, ஒரு தாள். ஒரு அடுக்கு இட்லி, ஒரு தாள். மூடி போட்டுக் கயிறு கட்டினேன். கட்டு பிரமாதமாக இருந்தது.

டேமில் எல்லோரும் குளித்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்தார்கள். அண்டாவைத் திறந்து முதல் தாளைத் தூக்கினேன். இட்லியும் கூடவே வந்தது. வெள்ளை இட்லியில் கறுப்பும் சிவப்புமாக எண்கள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி. ஒன்றில் முழுசாக ஒரு அமாவாசை.

வேன் டிரைவர்தான் ஆரம்பித்தார். "ஏலே, எனக்குச் சிவப்பு விழுந்ததாப் பாத்துக் குடு. லீவு நாள் இட்லி."

"எனக்கு முகூர்த்த நாளாப் பாத்து வைடே, இன்னும் பொண்ணு அமையலை" என்றான் ஒருத்தன்.

மிஷின்மேன் கருப்பசாமி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து மோந்தார். "இது நேத்து அடிச்ச மைப்பா. நான்தான் ஊத்துனேன். வயித்துக்குள்ள போகக் கூடாது."

"மேல்தோலை உரிச்சிட்டுத் தின்னா என்னாவாம்? பசி உயிர் போகுது" என்றது ஒரு குரல்.

அண்ணாச்சி அக்காவையே பார்த்தார்.

"அக்கா, உரிச்சுக் குடுத்துருவோம். ஆர்டர் போயிரும்" என்று காதில் சொன்னேன்.

"போனாப் போவுது. அம்புட்டுப் பேர் வயித்தையும் கெடுத்து வாங்குற ஆர்டர் எனக்கு எதுக்கு? போய்க் குழி வெட்டு." பிறகு சத்தமாக, "யாரும் தொடாதீக" என்றாள். அண்டாவைத் தானே கவிழ்த்தாள்.

அண்ணாச்சியிடம் போனேன். "தாள் வச்சது நான். அக்கா இலைதான் வாங்கச் சொன்னா."

"அது தெரியுதுடே. வேற எவனுக்கு இந்த மூளை வரும்?"

இடுப்பளவு வெட்டினேன். மேலோட்டமாக மூடினால் குரங்கு தோண்டித் தின்னும் என்று அக்கா சொல்லிவிட்டாள். ரெண்டு குரங்கு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன. அதுகளுக்கும் வருத்தம்தான்.

வேனில் வத்திராயிருப்புக் கடைவீதிக்குப் போய் ரவை, வெங்காயம், எண்ணெய், ஒரு கட்டு இலை வாங்கி வந்தேன். இந்தத் தரம் இலைக்குச் சோம்பல் படவில்லை. அக்கா ஒரு சோப்பும் வாங்கச் சொல்லியிருந்தாள். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, மூணு கல் கூட்டி உப்புமா கிண்டினாள்.

பரிமாறும் முன் அவள் செய்தது எங்கள் ஆட்களுக்குப் புதுசு. வரிசையாகக் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்த்தாள். பிரஸ்காரன் மண்ணெண்ணெயில் கை கழுவுகிறவன். அந்த வாடை தோலிலேயே தங்கிவிடும்.

"வாடை அடிக்குது. போய்ச் சோப்புப் போட்டுட்டு வாங்க."

கருப்பசாமி அண்ணன் மூணு தரம் போய் வந்தார். "என் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுக் கழுவலையே தாயி."

கடைசியில் அண்ணாச்சி. அவரும் கையை நீட்டினார். அக்கா மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒருதரம்."

எல்லோரும் உப்புமாவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் சோப்பை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினார். நிதானமாகக் கழுவினார். வந்து உட்கார்ந்து ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ எழுந்தபோதுதான் வாய் திறந்தார்.

"திங்கக்கிழமை வந்துரும்மா. சோப்பையும் கொண்டா. தம்பி மட்டும் அடுப்புப் பக்கம் வேணாம்."

அக்கா தீப்பெட்டி ஆபீஸை விட்டாள். இருமல் மெல்ல நின்றது. பிரஸ்ஸில் பத்தொன்பது வருஷம் சோறு போட்டாள். ஒருநாள்கூட மோந்து பார்க்காமல் கரண்டியைத் தூக்கியதில்லை. இப்போது காரியாபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் அவளைக் கண்டதும் கையைப் பின்னால் ஒளிக்கிறார்கள்.

பிரஸ் இன்னும் இருக்கிறது, போன மாதம் போயிருந்தேன். மண்ணெண்ணெய் வாளி இல்லை. அக்கா சோறு போட்ட கொட்டகை இல்லை, அந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. வேஸ்ட் தாள் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. எடை போட்டு லாரியில் போகிறது. கட்டுப் போடவும் மிஷின் வந்துவிட்டது. அது என்னைவிட நன்றாகக் கட்டுகிறது, பார்த்தேன். வாட்ச்மேனிடம் கேட்டேன், அப்போது அறுபது பேர் சாப்பிட்ட இடத்தில் இப்போது மத்தியானம் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று.

ஒன்பது.