பினாங்கில் அக்காவுக்கு அறுபது

அக்கா கலெக்டர் ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயரான மாதமே அவளுக்கு அறுபது முடிந்தது. பெரிய அண்ணன் பினாங்கிலிருந்து போன் செய்தான். "இந்தத் தடவை யாரும் சாக்கு சொல்லக்கூடாது. அக்கா பொறந்த நாளுக்கு எல்லாரும் இங்க வர்றீங்க. டிக்கெட் போட்டுட்டேன்."

சின்ன அண்ணன் கத்தாரிலிருந்து நேராக வந்துவிடுவதாகச் சொன்னான். அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. நான் இருப்பது திருவண்ணாமலையிலேயே, வேங்கிக்காலில், அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாங்கள் நான்கு பேரும் கடைசியாக ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது அப்பா காரியத்தின்போதுதான். அதன்பிறகு அமையவே இல்லை.

அம்மா போனபோது நான் இரண்டாம் வகுப்பு. அக்கா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எனக்குத் தலை பின்னியது, அண்ணன்களைக் காலேஜில் சேர்த்தது, என்னைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அவள்தான். அவளுக்கும் வரன்கள் வந்தன. "தம்பிங்க படிச்சு முடிக்கட்டும்" என்பாள். பிறகு "இவ படிச்சு முடிக்கட்டும்" என்று என்னைக் காட்டினாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கல்யாணம் இல்லாத அக்கா என்பது எங்கள் வீட்டின் சுவர் மாதிரி, எப்போதும் இருப்பதாக ஆகிவிட்டது.

அவள் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். விடிந்ததும் கீழே வெள்ளையாக எதுவோ விரிந்திருந்தது.

"அது மேகமா கடலா?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருந்தன. கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் எல்லாம் அந்த வெள்ளைக்குள்ளிருந்துதான் எழுந்து வருகிறது. எந்த நாள் முதலில், எது பிறகு என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் வீடு உயரமான ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். பால்கனியில் நின்றால் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிய கடல். கப்பல்கள் நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் மட்டும் இடம் மாறியிருக்கும். பின்பக்க ஜன்னலில் காடு மூடிய மலை தெரிந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ மரம் இருந்தா மலை எங்க தெரியும்" என்றாள்.

காலையில் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அவள் பால்கனியில் இருப்பாள். போனில் கடலைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்புவாள். அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பழைய ஆபீஸ் சிநேகிதிகளுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். ஈரக்காற்றில் அவள் புடவைத் தலைப்பு பறந்துகொண்டிருக்கும். கையில் டீ ஆறிக்கொண்டிருக்கும்.

நாங்கள் எல்லாரும் அந்த நாட்களில் கொஞ்சம் சின்னப் பிள்ளைகளாகிவிட்டோம். சின்ன அண்ணனுக்கு முடி பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் அக்கா சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் வந்து உட்கார்ந்தான். மத்தியானத்தில் எல்லாரும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, யார் பேசுகிறார்கள் என்று தெரியாமலே பேசிக்கொண்டிருப்போம். தூக்கத்துக்குள் போய்விட்டு வந்தால் பேச்சு அதே இடத்தில் இருக்கும். தினமும் மழை வந்தது. வந்த சுவடு தெரியாமல் நின்றது.

ஒருநாள் தமிழர் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா அக்காவைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். காலையில் சாப்பிட்டாயிற்றா என்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்பார்கள் என்று அண்ணி சொன்னாள். அக்காவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. தெருமுனை வரும்வரை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு ஓரமாக நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அதையே பேசிப் பதிவு செய்து யாருக்கோ அனுப்பினாள். முகம் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

பிறந்த நாளன்று அண்ணி வாழையிலை வாங்கி வந்து வடை பாயசத்தோடு சமைத்திருந்தாள். சாப்பாடு முடிந்து கேக் வெட்டும் நேரத்தில் பெரிய அண்ணன் எழுந்து, அதுவரை பூட்டியே இருந்த ஓர் அறையைத் திறந்தான். உள்ளே புதுக் கட்டில், நீலத் திரை, சாமி படம் வைக்க ஒரு மர அலமாரி. ஜன்னல் முழுக்கக் கடல்.

"இது உன் ரூம், அக்கா. இனிமே நீ இங்கதான். ஊருக்குப் போகணும்னா போயிட்டு வா. ஆனா வீடு இதுதான்."

எத்தனை வருஷமாக இதை மனசில் வைத்திருந்தானோ. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா உள்ளே போய்க் கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். திரையைக் கொஞ்சம் விலக்கி வெளியே பார்த்தாள். அவள் திரும்பும்வரை நாங்கள் வாசலிலேயே நின்றோம்.

"ரூம் ரொம்ப நல்லா இருக்குடா," என்றாள். "ஆனா நான் இங்க வந்து இருக்க மாட்டேன். ஊருக்குப் போனதும் நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்."

சின்ன அண்ணன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"யாரை?" என்று நான்தான் கேட்டேன்.

மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கும் ஒருவர். மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது. மகன் பெங்களூரில். பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனபோது கூட்டத்தில் அக்காவின் செருப்பு அறுந்து, அவர் வாசலில் உட்கார்ந்து ஊக்கு கேட்டிருக்கிறாள். அடுத்த பௌர்ணமிக்கும் அங்கே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அப்புறம் அவரும் கூடவே நடக்க ஆரம்பித்திருக்கிறார். இதை ஏதோ வீட்டுச் சேதி சொல்வது போல, கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே அக்கா சொன்னாள்.

"நம்ம ஆளுங்களா?" என்று கேட்டான் பெரிய அண்ணன்.

"நான் கேக்கல. அவரும் கேக்கல."

"ஊர்ல என்னா பேசுவாங்க?"

"பேசுவாங்க," என்றாள் அக்கா.

அண்ணன் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். வெட்டாத கேக் மேஜையில் இருந்தது. அண்ணிதான் முதலில் அசைந்தாள். கத்தியை எடுத்து அக்கா கையில் கொடுத்து, "வெட்டுங்க, ஐஸ்க்ரீம் வேற உருகுது" என்றாள். அக்கா வெட்டினாள். முதல் துண்டை ஒரு தட்டில் வைத்து பால்கனிக்கு எடுத்துப் போனாள். அவன் வாங்கிக்கொண்டான், சாப்பிடவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்து கடலை அழித்துவிட்டுப் போனது.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டது போல இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, தினமும் பார்த்துக்கொண்டு, அக்காவுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று நடந்தது எனக்குத் தெரியவில்லையே என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "சொன்னா அது உங்க விஷயம் ஆயிடும். கொஞ்ச நாளு என்னுதா இருக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்றாள்.

மறுநாள் கடற்கரைக்குப் போனோம். அலையே இல்லாத கடல். கரையும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. அக்கா புடவையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். பெரிய அண்ணன் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். நான் செருப்புகளை எடுத்துக்கொண்டு கரையில் நடந்தேன். சிலது காதில் விழுந்தது.

"எங்களாலதானே அப்போ உனக்கு நடக்கல?"

"இல்லடா. அப்போ எனக்குத் தோணல. அத யார்கிட்ட சொல்றது? தம்பிங்க படிக்கட்டும்னு சொன்னா எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இப்போ தோணுது. அவ்ளோதான்."

அண்ணன் நின்றுவிட்டான். அவள் நிற்காமல் நடந்தாள். தூரத்தில் போகப் போக அவள் உருவம் அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் மங்கி, இளம்பெண் ஒருத்தி நடப்பது போல இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனை வருஷமாக எங்களுக்காகவே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து அவளைக் கும்பிட்டோம், கொஞ்சம் கூச்சப்பட்டோம். அந்தப் பாரம் ஒரே வார்த்தையில் போய்விட்டது. போன இடம் லேசாக இருந்தது, வெறுமையாகவும் இருந்தது.

"அவர் எப்படி, நீ பார்த்திருக்கியா?" என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

"இல்லண்ணா."

"போய்ப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு."

ஊர் திரும்பிய வாரமே போனேன். ரோட்டைப் பார்த்த சின்ன வீடு, வாசலில் இரண்டு பூவரச மரம். அவர் உயரமாக, கொஞ்சம் கூன் விழுந்து இருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். பித்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவர்தான் தயங்கித் தயங்கி, "பசியாறிட்டீங்களா?" என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் அண்ணனுக்கு, நல்ல மனுஷன் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணம் ரெஜிஸ்தர் ஆபீஸில் நடந்தது. சின்ன அண்ணன் லீவு போட்டு வந்தான். அவர் மகனும் மருமகளும் வந்து மாலை எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய அண்ணன் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னான். லீவு மட்டுமா காரணம் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து வீடியோவில் வந்து, கையெழுத்துப் போடும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் இரண்டு வீட்டில் எங்களோடு பேச்சு கம்மியாகிவிட்டது. தை மாதம் பெரிய அண்ணன் வந்தான். முதல் நாள் என் வீட்டிலேயே இருந்தான். இரண்டாம் நாள் தானே ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போய், ராத்திரி சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை. போன் செய்தால், "மாமா தோட்டத்தைக் காட்டிட்டிருக்காரு" என்றான். மாமா என்று அவன் சொன்னதை நான் கவனித்தேன். அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அவர் கீழே உட்கார்ந்து, முறத்தில் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார். விரலை உதட்டில் வைத்து, உள்ளே கை காட்டினார். அக்கா ஃபேனுக்கு நேராக, தலையணை இல்லாமல், கையை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் முறத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். நானும் உட்கார்ந்து சத்தம் வராமல் உரிக்க ஆரம்பித்தேன்.