உபின் தீவில் ஏழு முறை கழுவிய கை

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் ரவிக்கை தைப்பது என் வேலை. எதிர்க்கடையில் துணி விற்பவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். பல வருடங்களாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் சேர்ந்து போன அதிகபட்ச தூரம், கீழ்த்தளத்து டீக்கடை.

சென்ற ஆண்டு தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு திங்கட்கிழமை இருவரும் கடைக்கு லீவு விட்டோம். எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது, லாத்தா யோசிக்கவே இல்லை.

"உபினுக்குப் போவோம். அம்பது வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல இருக்கேன், இன்னும் பார்த்ததே இல்லை. சொன்னா வெட்கம்லா."

நானும் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆங் மோ கியோ வீட்டிலிருந்து நான் கிளம்பிச் சாங்கி படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, லாத்தா எனக்கு முன்பே அங்கே இருந்தார். பூப்போட்ட பாஜு கூரோங் என்ற நீள மலாய்ச் சட்டையும் பாவாடையும், புது வெள்ளைக் காலணி, கையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் நிறைந்த பிளாஸ்டிக் பை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள். சைக்கிளோடு வந்த ஒரு குடும்பம் சேர்ந்ததும் கணக்கு சரியாகி, நாங்கள் ஏறினோம். பத்து நிமிடம்தான். இறங்கியதும் தகரக் கூரைக் கடைகளும், வெயிலில் படுத்திருந்த நாயும், வரிசையாக வாடகைச் சைக்கிள்களும். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. லாத்தாவுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நினைச்சேன்!" என்றார் அவர்.

சைக்கிள் கடைச் சீனப் பெண்மணி எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்தார். நடந்தே போவதென்று முடிவாயிற்று.

இருபுறமும் ரப்பர் மரங்களும் தென்னைகளுமாகப் பாதை நிழலாக இருந்தது. அரை மணி நேரம் நடந்ததும் ஒரு கூரையடியில் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தோம். லாத்தா பையைப் பிரித்தார். பிளாஸ்டிக் சரசரத்த சத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும். புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி வந்தது. பின்னாலேயே நான்கு குட்டிகள்.

நான் இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கிக்கொண்டேன். லாத்தாவோ பையை விடவில்லை. பன்றி ஒரு பக்கம் இழுக்க, அவர் மறுபக்கம் இழுத்தார்.

"விடுங்க லாத்தா! விட்டுடுங்க!"

பை கிழிந்தது. எங்கள் சாப்பாட்டைக் குட்டிகள் வாழையிலையோடு சேர்த்துத் தின்றன. லாத்தா வலது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி, அசையாமல் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கடிச்சிடுச்சா?"

"இல்லம்மா. மூக்கு பட்டுடுச்சு, ஈரமா. இதை ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண் கலந்த தண்ணியில."

"வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாமே?"

"மதியம் லுஹர் தொழுகை இருக்கே. இந்தக் கையோட எப்படித் தொழுவேன்?"

என் பாட்டிலில் அரைவாசித் தண்ணீர்தான் இருந்தது. நடந்தோம். அவர் கையை நீட்டியபடியே வந்தார். எதிரே சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரர், தன்னை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நின்றே விட்டார். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வளைவு தாண்டியதும் ஒரு மரவீடு. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெண்மணிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். லாத்தா மலாயில் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இங்கே இது புதிதல்ல என்றார். கொல்லையிலிருந்து ஒரு பிடி சுத்தமான மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்தார். முதலில் அதை ஊற்றினார். பிறகு குழாய்த் தண்ணீரைக் குவளையில் பிடித்து ஊற்றுவது என் பொறுப்பாயிற்று. கையோடு சேர்த்துச் சட்டைக் கையையும் கழுவினோம். அந்தப் பெண்மணி மலாயில் எண்ணினார், நான் தமிழில் எண்ணினேன்.

நடுவில் எனக்குக் குழம்பிவிட்டது. "இது அஞ்சா, ஆறா?"

"அஞ்சுன்னு வச்சுக்கம்மா. ஒண்ணு கூடினா குத்தமில்லை," என்றார் லாத்தா.

அப்போதுதான் அவர் சிரித்தார். அடக்கி வைத்திருந்த என் சிரிப்பும் வெடித்தது. அந்தப் பெண்மணியும் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

லாத்தா தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து முன்னறையில் தொழுதார். நான் பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் கோழிகள் மேய்ந்தன. தூரத்தில் ஏதோ பறவை மரம் அறுப்பதுபோல் கத்தியது. அவித்த மரவள்ளிக்கிழங்கும் துருவிய தேங்காயும் வந்தன. நாங்கள் பசியோடு தின்றோம். நான் தையல்காரி என்று லாத்தா சொன்னதும், அந்தப் பெண்மணி உள்ளே போய்த் தோள்பட்டை பிரிந்த ஒரு சட்டையைக் கூச்சத்தோடு கொண்டுவந்தார். கைப்பையில் எப்போதும் ஊசிநூல் இருக்கும். அங்கேயே தைத்துக் கொடுத்தேன். தையலைத் திருப்பிப் பார்த்து, கையால் தைத்தது மாதிரியே இல்லை என்றார். கடையில் அந்த மாதிரி யாரும் சொல்வதில்லை.

அவருடைய கணவர் வேன் ஓட்டுகிறவர். சாப்பிட வந்தவர் எங்களைப் பார்த்து, செக் ஜாவா கடற்கரைக்குத்தானே, இப்போதே ஏறுங்கள், கடல் தண்ணீர் வற்றியிருக்கிறது என்றார்.

கடலின் மேல் மரப்பாலம் நீண்டு போனது. கீழே கரை ஈரமாக வெறித்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் சேறு முழுக்க நடமாட்டம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின. துடுப்பையே காலாக்கிக்கொண்டு மீன்கள் சேற்றில் நடந்தன. லாத்தா கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஊர்லயே இருக்கு பாருங்க இதெல்லாம்," என்றார்.

நான் உபினைப் பார்த்ததில்லை என்பதை அப்போது அவரிடம் சொன்னேன். "தெரியும்மா. காலைல படகு எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்க கேட்டப்பவே தெரிஞ்சிடுச்சு," என்றார்.

திரும்பும்போது துறையில் எட்டுப் பேர்தான் இருந்தோம். இன்னும் நான்கு பேர் வர வேண்டும். யாருக்கும் அவசரமில்லை. லாத்தா சேறு படிந்த வெள்ளைக் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். காற்று சட்டைக் கையை உலர்த்திவிட்டிருந்தது.

"அடுத்த தடவை எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"அவர் எதுக்கு லாத்தா? நேரமாச்சு நேரமாச்சும்பார்."

"ஆமாம்லா," என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். நாங்கள் அடுத்து இருவரும் லீவு விடக்கூடிய திங்கட்கிழமை எது என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம்.