அரிக்கும் கையில் பட்டுச் சேலை

சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே நம் தோளும் கையும் கடைக்குச் சொந்தமாகிவிடும். பொம்மைக்குக் கட்டி நிறுத்திய சேலையை யாரும் நம்புவதில்லை. "உன் மேல போட்டுக் காட்டும்மா" என்பார்கள். முந்தானையைத் தோளில் போட வேண்டும், பார்டரை முழங்கைவரை விரித்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கையில் எக்ஸிமா இருந்தால் என்ன ஆகும்? நான் சொல்கிறேன், கேளுங்கள்.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு முஸ்லிம் பாயின் துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். எக்ஸிமா எனக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு. நான் வளர்ந்த சிலிம் ரிவர் தோட்டத்தில் இதைக் கரப்பான் என்பார்கள். முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, கழுத்து, சில சமயம் நெற்றி. யாருக்கும் தொற்றாது, நம்மை விட்டும் போகாது. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு பிள்ளை வேண்டும், இந்த அரிப்பும் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டதில்தான் வம்பே ஆரம்பித்தது. சொறியும் சொந்தங்களே, ஒரு கையால் இதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சொறிந்துகொண்டே படியுங்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோப்பெங் அம்மா

மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு எடுக்க கோப்பெங்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல கலகலப்பான மனுஷி. மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலையை என் கையில் விரித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து ஜரிகையைத் தடவிப் பார்த்தார். தடவிக்கொண்டே வந்த விரல் என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சடாரென்று பின்னால் போனது.

"ஒட்டாதும்மா, எக்ஸிமாதான்" என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே தேய்ந்துவிட்டது. அவர் ரொம்பப் பாசமாகத் தலையாட்டினார், பாவம் என்றுகூடச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதே கலர்ல, உன் கை படாத பீஸ் ஒண்ணு இருந்தா எடுத்துக் குடும்மா."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் டாக்டர்

சேலை வாங்க வருபவர்கள் வைத்தியம் சொல்லாமல் போனதில்லை. முட்டையை விடு, இறாலை விடு, குப்பைமேனியை அரைத்துப் பூசு, கடல் தண்ணியில் குளி. ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கூடாது என்பார். எல்லாரும் சொன்னதையெல்லாம் விட்டிருந்தால் நான் சோற்றையும் தண்ணீரையும் வைத்துத்தான் காலம் தள்ளியிருக்க வேண்டும்.

செமோரிலிருந்து வந்த அக்கா ஒருத்தர் மட்டும் என் கையைத் தைரியமாகப் பிடித்துப் பார்த்தார். அவருடைய தங்கை மகனுக்கும் அச்சு அசலாக இப்படியே இருந்ததாம், இப்போது சுத்தமாகப் போய்விட்டதாம். என்ன மருந்து அக்கா, எந்த டாக்டர் என்று சேலையைக்கூட மடிக்காமல் கேட்டேன். அவர் என் கையை விட்டுவிட்டுச் சொன்னார்: "அதக் கேக்கலையேம்மா, அவன்தான் ஆஸ்திரேலியா போயிட்டான்லா."

ஹேண்ட்சோக்

கையைத்தானே பார்க்கிறார்கள், மூடிவிடுவோம் என்று நினைத்தேன். மலாய்ப் பெண்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை மாட்டுகிறார்களே, அந்த ஹேண்ட்சோக் உறையில் பருத்தியில் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டேன். சுகமாக இருந்தது. அந்த வாரம் ஸ்டிக்கர் பொட்டின் பசை வேறு நெற்றியைப் புண்ணாக்கியிருந்தது, அதனால் பொட்டும் இல்லை. வெறும் நெற்றி, கையில் ஹேண்ட்சோக், நிற்பதோ பாய் கடையில். எங்கள் பழைய தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் அன்றைக்கென்று வந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சேலையும் வாங்கவில்லை.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். எடுத்ததுமே அழுகை. நான் மதம் மாறிவிட்டேன் என்று சிலிம் ரிவர் முழுக்கப் பேச்சாம். பக்கத்தில் நின்ற, என்னோடு சேலைப் பிரிவில் வேலை செய்யும் மாலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு துணி உறையை மாட்டினால் ஒரு ஊரே கூடிப் பேசுமா? அம்மா, இது அரிப்புக்கு, வெறும் அரிப்புக்கு என்று கத்தினேன். அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும், கட்டிக்கிட்ட குமரனுக்காவது விஷயம் தெரியுமாடி?"

மாலாவின் மேஜிக் கிரீம்

மாலா நல்ல மனசுக்காரி. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு குட்டி டப்பா வாங்கி வந்து கொடுத்தாள். லேபிள் இல்லை, பேர் இல்லை. பூசிய சில நாளிலேயே கை பளபளவென்று ஆகிவிட்டது. ஹேண்ட்சோக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பார்டரை விரித்துக் காட்டினேன். குமரன்கூட என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எத்தனை நாள் ஆசை தெரியுமா அது!

டப்பா காலியானதும் வந்தது பாருங்கள், கை கழுத்து எல்லாம் நெருப்பாகச் சிவந்து, நீர் வடிந்து, தோல் காகிதம் மாதிரி மெலிந்து. அழுதுகொண்டே ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருந்த தமிழ் டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வீரியமான ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். கொடுமை என்னவென்றால், முன்பு கிளினிக்கில் பேர் போட்டு, எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்த களிம்பை, ஐயோ ஸ்டீராய்டு என்று பயந்து அலமாரியில் போட்டவள் நான். அதைச் சொன்னதும் டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்: "லேபிள் உள்ளதுக்குப் பயப்படுறீங்க, லேபிள் இல்லாதத மட்டும் வழிச்சி வழிச்சிப் பூசுறீங்க!"

இரண்டு வழி

புண் ஆறியபின் அதே டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று மாத்திரை. சீக்கிரம் கேட்கும், ஆனால் அதைச் சாப்பிடும்போது கர்ப்பமாகவே கூடாது, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டும். இன்னொன்று ஒளிச் சிகிச்சை, தோலில் புற ஊதா ஒளியைக் காட்டுவது. மெதுவாகத்தான் கேட்கும், மாதக் கணக்கில் வாரத்துக்கு மூன்று காலை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், ஆனால் பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டே எடுக்கலாம். புதுசாக ஊசியும் இருக்கிறதாம், விலையைக் கேட்டதும் நானே பேச்சை மாற்றிவிட்டேன்.

குமரன், "முதல்ல நீ நிம்மதியாத் தூங்கு, பிள்ள அப்புறம்" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னதே எனக்கு எரிச்சலாக இருந்தது. மாத்திரை என்று முடிவு செய்தால் மனசு வலித்தது, ஒளி என்று முடிவு செய்தால் கை அரித்தது. அதற்கும் அடியில் ஒரு பயம், அதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. என் பிள்ளைக்கும் இது வந்துவிட்டால்? நான் பட்டதையெல்லாம் படுவதற்கா ஒன்றைப் பெற்றுப் போடுவது?

ஒளிச் சிகிச்சைக்குப் போவதென்றால் காலையில் விடுவாரா, எதற்கும் கேட்டுவைப்போம் என்று முதலாளி பாயிடம் போனேன். தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். முகத்தைச் சுளித்தார், காலண்டரைப் பார்த்தார், மத்தியானத்துக்குள் வந்துவிடுவதென்றால் சரி என்றார். நான் திரும்பியதும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்: "நம்ம கடையிலதான் இவ்வளோ லைட்டு போட்டிருக்கேனேம்மா, இதுக்குக் கீழயே நின்னா பத்தாதா?"

சேட்டைக்காரி

அனுமதி கிடைத்தும் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒரு இளம் அம்மா குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு மூன்று வயசு இருக்கும். முழங்கால் மடிப்பிலும் கன்னத்திலும் அதே சிவப்பு, அதே கீறல். அம்மாக்காரி சேலை பார்க்கும் நேரத்தில் அது கவுண்டருக்குள் புகுந்து, ஒரு கையால் காலைச் சொறிந்துகொண்டே மறு கையால் அடுக்கின சேலைகளை இழுத்தது. அடுக்கு மொத்தமும் அதன் தலையில் விழுந்தது. பதறிப்போய்த் தூக்கினால், பச்சைச் சேலைக்குள்ளிருந்து முகத்தை நீட்டிக் கெக்கெக்கே என்று சிரிக்கிறது. மாலா சிரித்தாள், பாயே சிரித்துவிட்டார்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். என் கையையும் அதன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது, பிறகு என் மணிக்கட்டை உரிமையோடு சொறிந்துவிட்டது. "ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா, இவளுக்கு இப்படி இருக்கிறது?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அம்மாக்காரி சேலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "சொறியிறப்ப பாவமா இருக்கும்க்கா, கிரீம் போடுவோம், தூங்கிருவா. ஆனா இந்தச் சேட்டை இருக்கே, அதுக்குத்தான் மருந்தே இல்ல!"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ஒளிச் சிகிச்சைக்குப் பேர் கொடுத்தேன். அரிப்பு இன்னும் போனபாடில்லை, பிள்ளையும் இன்னும் வந்தபாடில்லை, எது முதலில் நடந்தாலும் சொறிந்துகொண்டே கொண்டாடுவதாக இருக்கிறேன்.