பின்மிதிச் சைக்கிளுக்கு எந்தக் கிறீஸ்?

இந்திராதேவியின் வலது கை சோற்றை அள்ளும், நெற்றியில் திருநீறு பூசும். அவ்வளவுதான். நாம்பன் கன்று ஒன்று கயிற்றோடு அவளை இழுத்துக்கொண்டு ஓடிய நாளிலிருந்து அந்த விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. ஒரு சட்டியைப் பிடிக்காது, மாட்டைப் பிடிக்காது, சைக்கிள் பிறேக்கைப் பிடிக்காது. மற்றதெல்லாம் போகட்டும், இந்தக் கடைசிதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடம்பனுக்கு இந்தப் பக்கம், குளக்கட்டுக்குக் கீழே அவளுடைய வீடு. பால் கறப்பது புருஷன் தில்லைநாதன். கறந்த பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றுவது அவள். போவதென்றால் குளக்கட்டில் ஏறி, அதன்வழியே போய், மறுமுனையில் இறங்க வேண்டும். மன்னார்ப் பக்கத்தில் இறக்கம் என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. இருக்கிற ஒரே இறக்கம் அவள் போகிற வழியில்தானா வந்து படுக்க வேண்டும்? கை கெட்ட புதிதில் அதில் இறங்கி, பிறேக் பிடிக்க முடியாமல், பாற்கானோடு வாய்க்காலுக்குள் போனாள். ஜெர்மனியில் இருக்கிற மகள் வேணுஜா, "அம்மா, இனிச் சைக்கிளைத் தொடக்கூடாது" என்று அழுதாள். பிறகு, தாயின் பிடிவாதம் தெரிந்த பிள்ளை, சவர்க்காரம் சொக்லட் எல்லாம் போட்டுக் கப்பலில் அனுப்பிய பெரிய பெட்டிக்குள் ஒரு சைக்கிளையும் வைத்து அனுப்பினாள்.

அதில் கைப்பிறேக்கே இல்லை. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கும். பிறேக் முழுவதும் பின்சில்லின் நடுவில், ஹப்புக்குள் ஒளிந்திருக்கிறது. "காலால பிறேக் பிடிக்கிற பால்காரி" என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவள் குளக்கட்டில் ஏறி இறங்கினாள்.

மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. முற்றத்தில் தண்ணீர், தண்ணீருக்குள் சைக்கிள். வெள்ளம் வடிந்த பிறகு மிதித்தால் ஹப்புக்குள் மணல் நறநறவென்று அரைபட்டது. கழற்றிக் கழுவி, புதுக் கிறீஸ் போட்டுப் பூட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. இந்த வேலைக்கு ஊரில் இத்தனை வாய்கள் திறக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

முதலில் அடம்பன் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற முபீன். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவி, ஒரு பொட்டுக் கிறீஸும் வைக்காமல் பூட்டினான்.

"கிறீஸ் போடேல்லையே தம்பி?"

"பிறேக்கில கிறீஸ் படலாமோ அக்கா? வழுக்குமெல்லோ!"

"இது வேற மாதிரிப் பிறேக் எண்டு மகள் சொன்னவள்."

"பிறேக் எண்டால் பிறேக்தானே அக்கா."

பிறேக் என்றால் பிறேக் இல்லை. இதில் இரும்போடு இரும்பு உரசுகிறது, நடுவில் கிறீஸ் இல்லாவிட்டால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அடுத்த நாள் கட்டால் இறங்கும்போது பெடலைப் பின்னுக்கு மிதித்தாள். பன்றியை அறுப்பதுபோல ஒரு கத்தல். கட்டோரம் மேய்ந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. இரண்டாம் தடவை மிதித்தபோது கத்தல் இல்லை, சில்லு ஒரேயடியாக இறுகிவிட்டது. பின்சில்லைத் தரையில் இழுத்தபடி வீடு வந்தவளின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து தில்லைநாதன் பால் கொண்டுபோனார். அவருக்குச் சைக்கிள் ஓட வராது, பழைய சைக்கிளில் கானைக் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தார். நல்ல மனிதர்தான், யார் இல்லையென்றது? ஆனால் வழியில் ஒரு மனிதரைக் கண்டால் நின்று கதைக்காமல் அவரால் போக முடியாது. கதை முடிய வெயில் ஏறிவிடும், பால் திரைந்துவிடும். நிலையத்தில் பாலைத் திருப்பி அனுப்பினார்கள், பிறகும் திருப்பினார்கள். "இனி ஒருக்காத் திரைஞ்சால் உங்கட பால் எங்களுக்கு வேண்டாம் ஐயா" என்று முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டார்கள்.

நடந்து நடந்து அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அது தேய்மானம் என்று ஆசுப்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். அலுமாரியைக் கிண்டி, மகள் அனுப்பிய தைலம் ஒன்றை எடுத்துப் பின்னேரத்தில் சாரத்தைத் தூக்கிவிட்டுக் கதிரையில் இருந்து தேய்த்தார். சாரத்தில் பட்ட கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. அதற்கும் தோய்க்கிறவள் அவள்தானே. "உதென்ன கோதாரித் தைலமோ!" என்று கல்லில் அடித்து அடித்துத் தோய்த்தாள்.

அடுத்து வந்தவர் சந்தியோகு. வங்காலையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்த பழக்கம், இன்றைக்கும் விடவில்லை.

"கிறீஸ் இல்லாமல் பூட்டினவனோ? விசரன்! தங்கச்சி, இஞ்ச பாருங்கோ, கடல் தண்ணியே உள்ள போகாத கிறீஸ். குளத்துத் தண்ணி இதுக்கு எந்த மூலை?"

முபீன் கெடுத்ததை அரம் போட்டுச் சரியாக்கி, கரும்பச்சையாய்ப் பிசுபிசுத்த அந்தக் கிறீஸை ஹப்புக்குள் அள்ளி அள்ளி அடைத்தார்.

"கூடிப்போச்சோ அண்ணை?"

"கிறீஸ் கூடிக் கெட்டுப்போன சாமான் இந்த உலகத்தில இல்லை."

வேலை முடிந்து கையைத் துடைத்தவர், தோள்மூட்டில் ஒரு பிடிப்பு என்றார். உடனே தில்லைநாதன் தன் தைலத்தை நீட்டினார். சந்தியோகு சட்டையைக் கழற்றி, கிறீஸில் ஊறிய அதே கையால் தேய்த்து, மணந்தும் பார்த்தார். "எரிவுமில்லை, மணமுமில்லை. வெளிநாட்டுச் சாமான் வெளிநாட்டுச் சாமான்தான்" என்று தலையாட்டினார்.

விடிய அவள் கட்டின் உச்சியில் ஏறி மறுமுனையில் இறங்கினாள். பெடலைப் பின்னுக்கு மிதித்தாள். கால் பின்னுக்குப் போனது, இன்னும் போனது, முழுச் சுற்றும் சுற்றி வந்தது. ஒன்றும் பிடிக்கவில்லை. பிசின்போல ஒட்டிய கிறீஸுக்குள் பிறேக் அசையாமல் படுத்திருந்தது. மறுபடியும் அதே வாய்க்கால். இடுப்பளவு தண்ணீரில், சுற்றிவரப் பால் வெள்ளையாய்ப் போய்க்கொண்டிருக்க, சந்தியோகுவின் பரம்பரையை அவள் கூப்பிட்ட சத்தம் வயல் முழுக்கக் கேட்டது.

பிறகு ஆளுக்கொரு யோசனை. உழவு மெசினுக்குப் போடுகிற கிறீஸ் போடு என்றான் ஒருவன். பசுநெய் விடு, வீட்டில்தானே மாடு நிற்கிறது என்றாள் ஒருத்தி. "ராவில உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு திரிஞ்ச அந்தக் கிறீஸ் பூதத்தைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன?" என்றது ஒரு பகிடிக்காரக் கிழடு. வயல்காரனுக்கு உழவு மெசின், கடற்காரனுக்குப் படகு, எல்லாருக்கும் வாய். சைக்கிள் ஓடுகிறவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

"விட்டிடு தேவி," என்றார் தில்லைநாதன். "நான் நடக்கிறன்."

"நீங்கள் எங்க நடக்கிறியள்? கதைச்சுக்கொண்டெல்லோ நிக்கிறியள்!"

கத்திவிட்டாளே ஒழிய, உள்ளுக்குள் பயந்துபோயிருந்தாள். முகாமில் இருந்த காலம் முழுக்க, வெளியே போக வாசலில் நின்று கேட்டுக் கேட்டுப் போனவள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, யாரையும் கேளாமல் தன்பாட்டில் போய் வருகிற வழி இந்தக் கட்டுப்பாதை ஒன்றுதான். பால் போனாலும் பசு இன்னும் கறக்கும். இது போனால் அவளுக்கு வேறு இல்லை. அழுகை வந்தது, ஆனால் அதுவும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

மகளிடம் இதுவரை மூச்சு விடவில்லை. சொன்னால் 'சைக்கிள் வேண்டாம்' என்று தொடங்கிவிடுவாள் என்ற பயம். அன்றைக்குப் பின்னேரம் வேணுஜா வீடியோவில் வந்து, "ஏனம்மா முகம் ஒரு மாதிரி?" என்று கேட்டதும் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வேணுஜா தலையில் கையை வைத்தாள். "ஐயோ அம்மா! இதுக்குக் கண்ட கிறீஸும் சரிவராது. சூட்டையும் தாங்க வேணும், ஒட்டிப் பிடிக்கவும் கூடாது. அதுக்கெண்டுதானே பெட்டிக்குள்ள சின்ன டியூப் ஒண்டு வைச்சனான்?"

"எனக்கு எப்ப சொன்னனீ?"

"அப்பாட்டச் சொன்னனான். வெள்ளை டியூப், நீல மூடி."

இந்திராதேவி மெல்லத் திரும்பினாள். கதிரையில் தில்லைநாதன். முழங்காலுக்கு மேல் சாரம். ஒரு கையில் வெள்ளை டியூப், மடியில் நீல மூடி, மற்றக் கை முழங்காலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கை இப்போது நின்றது.

"நீதானே பிள்ளை சொன்னனீ," என்றார், குரல் உள்ளே போக. "தேய்மானத்துக்குப் பூசுற கிறீம் எண்டு."

"கிறீம் இல்லையப்பா, கிறீஸ்! தேய்மானம் சைக்கிளுக்கு!"

"வெண்ணெயைக் கையில வைச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்ச கதை கேள்விப்பட்டிருக்கிறன்," என்றாள் இந்திராதேவி. "முழங்கால்ல வைச்சுக்கொண்டு அலைஞ்சதை இண்டைக்குத்தான் பாக்கிறன்! படகு எஞ்சின் திருத்துற சந்தியோகு அண்ணையும் மணந்து பாத்துத் தோளில பூசிக்கொண்டு போனாரே, அதை எங்க போய்ச் சொல்ல!"

"முழங்கால் நோ குறைஞ்சது உண்மை தேவி," என்றார் அவர்.

டியூப்பை வெட்டி விரித்து, ஒட்டியிருந்ததை எல்லாம் கரண்டிக் காம்பால் வழித்தாள். கொஞ்சம்தான் தேறியது. கொஞ்சம் போதும் என்றாள் வேணுஜா. முபீன் பழையதைக் கழுவி, அதை மெல்லியதாய்ப் பூசிப் பூட்டினான். பூட்டிவிட்டு, "நான் அப்பவே நினைச்சனான் அக்கா" என்று வேறு சொன்னான். அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பால் திரைந்துவிடும் என்று அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

அடுத்த நாள் காலை, நிறைந்த கானோடு கட்டின் உச்சியில் சைக்கிளை நிறுத்திக் கீழே பார்த்தாள். வாய்க்காலுக்கு முன்னால், பாதையின் நட்டநடுவில், தில்லைநாதன் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் முதலே போய் நின்றிருக்கிறார். அந்த முழங்காலோடு அவ்வளவு தூரமும் நடந்தே.

"விலகுங்கோ!"

விலகவில்லை. அவள் இறங்கினாள். சைக்கிள் வேகம் பிடித்தது. பெடலைப் பின்னுக்கு மிதித்தாள். காலுக்கடியில் ஏதோ மெத்தென்று பிடித்தது, கத்தலில்லை, இறுக்கமில்லை. சைக்கிள் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"நிண்டிட்டுது," என்றார் அவர், கைகளை இறக்காமல்.

"நிக்காட்டி என்ன செய்திருப்பியள்? விசரே உங்களுக்கு? முழங்கால் ரெண்டும் நொறுங்கியிருக்குமெல்லோ!"

"நொறுங்காது. அதுக்கும் இதே கிறீஸ்தானே போட்டிருக்கு."